ஆறுக்குப் பதில் ஏழு

ஜூலை 4, வெள்ளி

ஆனிக் காற்று, பேய்க் காற்று. கொடியில் போட்ட சேலை பக்கத்து வீட்டு முருங்கை மரத்தில். அதை எடுத்துப் போட்டுவிட்டு ஓடி 7.10 பஸ்ஸைப் பிடித்தேன். மல்லசமுத்திரத்திலிருந்து சேலம், அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் கொண்டப்பநாயக்கன்பட்டி. இனிமேல் கொ.பட்டி. முழுதாக எழுதினால் பேனா தேய்ந்துவிடும்.

டேட்டா என்ட்ரி யூனிட்டில் புது வேலை. ஆறு மாதமாக அடித்த ஞானஸ்நானப் பதிவேடு ஒருவழியாக முடிந்தது. இனிப் பட்டாளம். அமெரிக்காக்காரர்களுக்குத் தங்கள் தாத்தாவுக்குத் தாத்தா எந்தச் சண்டைக்குப் போனார் என்று தேடிப் பார்க்க ஆசையாம். பழைய கையெழுத்து ஏடுகளைப் படம் பிடித்து அனுப்புகிறார்கள், நாங்கள் கம்ப்யூட்டரில் அடிக்கிறோம். சூப்பர்வைசர் ஷமீமா விளக்கினாள். சேலம் கோட்டைப் பெண். என்னைவிடப் பத்து வயது சின்னவள், கண்டிப்பில் மட்டும் மாமியார்.

“அவங்களுக்குள்ளயே அடிச்சுக்கிட்ட சண்டை அக்கா. நூத்தி அறுபது வருசம் ஆச்சு. இவங்க காலாட்படை. யாரும் புடிச்சுட்டுப் போகல, தானா வந்து கையெழுத்துப் போட்டவங்க. மூணு வருசத்துக்கு.”

ரெஜிமெண்ட் பெயர், மாநிலம் வெளியே சொல்லக் கூடாது என்று எங்களிடமும் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். இங்கேயும் எழுதவில்லை. பத்து கம்பெனி, கம்பெனி என்றால் நூறு பேர் கொண்ட பிரிவாம். ஒரு ஆளுக்கு ஒரு வரி: பெயர், வயது, உயரம், கண் நிறம், தொழில், ஊர், சேர்ந்த தேதி. கடைசிக் கட்டம் ‘குறிப்பு’. அந்த ஆள் என்ன ஆனார் என்பது அதில். அதை எண்ணாகப் போட வேண்டும். மனப்பாடம் ஆவதற்காக:

1 – காலம் முடிந்து வீடு திரும்பியவர்
2 – உடம்பு முடியாமல் விடுவிக்கப்பட்டவர்
3 – நோயில் இறந்தவர்
4 – சண்டையில் இறந்தவர்
5 – வழியில் நோயோடு விடப்பட்டவர்
6 – காணாமல் போனவர்
7 – ஓடிப்போனவர்

ஒரே பக்கத்தை இரண்டு பேர் தனித்தனியாக அடிப்போம். கம்ப்யூட்டர் ஒப்பிடும். ஒத்துப்போகாத கட்டம் மஞ்சளாகத் திரும்பி வரும். “இருக்கறத அடிங்கக்கா, யோசிக்க வேண்டாம்” என்றாள். யோசிக்காமல் இருப்பதில் நான் கெட்டிக்காரி.

ஜூலை 5, சனி

அரை நாள் வேலை. எல்லோரும் குடியானவர்கள். குடியானவர், குடியானவர், கொல்லர், குடியானவர். நீலக் கண், சாம்பல் கண், பழுப்புக் கண். ஒரு கம்பெனி முழுக்க ஒரே பக்கத்து ஊர்க்காரர்கள். அண்ணன் தம்பி, மாமன் மச்சான் அடுத்தடுத்த வரியில். நம் ஊர் ரிக் வண்டி மாதிரிதான். ஒருவர் வடக்கே போர்வெல் போடப் போனால் பின்னாலேயே அந்தத் தெரு போகும்.

மாலை கொழுந்தனார் சண்முகம் வந்தார், என் மகள் மதுவின் கல்யாணப் பத்திரிகை புரூஃபோடு. ஆவணியில் கல்யாணம். ஆடி பிறந்துவிட்டால் பிரஸ்ஸில் கொடுக்க மாட்டோம், அதனால் 16ஆம் தேதிக்குள் அச்சுக்குப் போயாக வேண்டும். பிள்ளையார், மஞ்சள் அட்டை, முகூர்த்த நேரம் எல்லாம் சரி. மதுவின் அப்பா பெயர், குமரேசன், அதற்கு முன்னால் மட்டும் பென்சிலால் ஒரு வட்டம்.

பதினோரு வருஷத்துக்கு முன் ரிக் வண்டியோடு போன மனிதர். வண்டி திரும்பி வந்தது.

“பேருக்கு முன்னால என்ன போடறதுங்க அண்ணி? ‘திரு’ன்னு போட்டா ஆளு எங்கன்னு கேப்பாங்க. ‘தெய்வத்திரு’ன்னு போட்டா...” பாதியில் நிறுத்திக்கொண்டார். மீதி எனக்கே தெரியும். போட்டால் தாலியைக் கழற்றிவிட்டு மண்டபத்தில் கடைசி வரிசையில் உட்கார வேண்டும். மேடை ஏறக் கூடாது.

“மோகனூர்ல என்ன சொல்றாங்க?” என்றேன். மாப்பிள்ளை வீடு மோகனூர்.

“பேரே வேண்டாம், அம்மா பேரும் தாத்தா பேரும் போதும்ங்கறாங்க. ஓடிப்போனவரு பேரு பத்திரிகைல எதுக்குங்கறாங்க.”

“சரி, எடுத்துருங்க” என்றேன். கொஞ்சமும் யோசிக்கவில்லை. மாமனார் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தட்டிலேயே கை கழுவிவிட்டு வெளியே போனார். தட்டில் ஒன்றரை தோசை. பதினோரு வருஷமாக மகன் பெயரைச் சொல்லாதவர், இப்போது மட்டும் என்ன கோபமாம்.

ஜூலை 6, ஞாயிறு

மாமாவுக்குக் கண் சொட்டு மருந்து. மதுவுக்கு ரவிக்கை அளவு. மாவு அரைக்க. பரணிலிருந்து பெரிய குத்துவிளக்கு.

விளக்கை எடுக்கப் போய் அந்தப் பை கையில் வந்தது. அவருடையது. ரிக் மேனேஜர் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு, “சொல்லாம கொள்ளாம ஓடிட்டாருங்க, நாங்க என்ன பண்றது” என்று சொல்லிப் போன பை. இரண்டு லுங்கி, ஒரு சட்டை, சவரப் பெட்டி, ரப்பர் செருப்பு. புது வாழ்க்கை தேடிப் போகிறவருக்குப் பழைய லுங்கி எதற்கு என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். மது பார்ப்பதற்குள் திரும்பச் செருகிவிட்டேன்.

மது: “நீ மேடைல எம்பக்கத்துல நிக்கோணும்மா. மத்தது எப்படி வேணா பண்ணுங்க.” நிற்கிறேன் என்றேன். பெயரை எடுத்துவிட்டால் நிற்கலாம். வசதியாகத்தான் இருக்கிறது.

ஜூலை 8, செவ்வாய்

மேகம், காற்று, தூசி. மழை மட்டும் இல்லை.

இன்று பெயர்ப் பட்டியல் இல்லை, ரெஜிமெண்டின் வரலாறு. அவர்களில் ஒருவரே பிற்பாடு உட்கார்ந்து எழுதியது. முகாமில் பயிற்சி. ரயில். பிறகு மிசிசிப்பி ஆற்றில் நீராவிப் படகு. சதுப்பில் கூடாரம். நடை. பாலம் கட்டுதல். மறுபடி நடை. சண்டை வருவது எப்போதாவதுதான், நடை தினமும். புறப்பட்ட அன்று ஊரே திரண்டு வந்து வாத்தியம் வாசித்ததாம், பெண்கள் கொடி தைத்துக் கொடுத்தார்களாம். அதற்கு ஒரு பக்கம் எழுதியிருக்கிறார். முதல் மழைக்காலத்து முகாமில் செத்தவர்களுக்கு மூன்று வரி.

குண்டு பட்டு இறந்தவர்களைவிடப் பேதியிலும் காய்ச்சலிலும் இறந்தவர்கள்தான் அதிகம். நேற்று நான் அடித்ததே சாட்சி. 3, 3, 3. ஒரு பக்கத்தில் ஒரே குடும்பப் பெயரில் மூன்று பேர், மூவருக்கும் 3. மத்தியானம் தயிர்சாதம் இறங்கவில்லை.

“என்னக்கா, சொந்தக்காரங்க மாதிரி மூஞ்சிய வெச்சிருக்கீங்க?”

“பேரெல்லாம் வாயில நுழையல ஷமீமா. ஆனா அவங்களுக்கும் அம்மா இருந்திருப்பாங்கல்ல.”

“அதுக்குத்தான் யோசிக்காதீங்கன்னேன்” என்றாள். அவளும் டீயைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றாள்.

ஜூலை 10, வியாழன்

அசிங்கப்பட்டேன். என் பக்கங்கள் மஞ்சளாகத் திரும்பி வந்தன. இருபத்து மூன்று கட்டம். எல்லாமே குறிப்புக் கட்டம். எல்லாமே 6 வர வேண்டிய இடத்தில் 7.

ஷமீமா முதலில் சிரித்தாள். “விரல் வழுக்குதாக்கா? ஆறும் ஏழும் பக்கத்துப் பக்கத்து வீடுதான்.” அப்புறம் திரையை மேலும் கீழும் ஓட்டினாள். சிரிப்புப் போய்விட்டது. “வழுக்குச்சுன்னா ஏழும் எங்கயாவது ஆறாகியிருக்கணுமில்ல? ஒண்ணுகூட ஆகலையே. காணாமப் போன அத்தன பேரையும் ஓட விட்டுட்டீங்களேக்கா.”

ஏட்டில் தெளிவாக இருக்கிறது, சண்டைக்குப் பின் காணவில்லை என்று. கண் அதைத்தான் படித்திருக்கிறது. கை 7 போட்டிருக்கிறது. ஆறு வருஷமாக இந்த வேலை. தேதியை மாற்றி அடித்திருக்கிறேன், வயதை விட்டிருக்கிறேன். இப்படி ஒரு தவறு வந்ததில்லை.

உட்கார்ந்து இருபத்து மூன்று முறை 6 அடித்தேன். திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோர இடம். அழுகை வந்தது. பக்கத்தில் இருந்த அம்மா, “கண்ணுல தூசியா சாமி?” என்றார். ஆமாங்க என்றேன்.

ஜூலை 11, வெள்ளி

யாரும் படிக்காத நோட்டு. இங்கேயாவது எழுதுகிறேன்.

மது பெரியவளானபோது சீர் வைத்தோம். அவர் வருவதாகச் சொல்லியிருந்தார். வரவில்லை. மேனேஜர் விடவில்லை, ஆள் பற்றாக்குறை என்றார். வாசலில் பந்தல், ஊர் முழுக்க உட்கார்ந்திருக்கிறது, ஆளுக்கு ஒரு தடவை ‘அப்பன் எங்க?’ என்று கேட்கிறார்கள். சாயங்காலம் போன் செய்தார். கத்தினேன். “இப்பிடியே பேசுனீன்னா நான் ஊட்டுப் பக்கமே வரமாட்டேன்” என்றார். “வராட்டிப் போங்க, இங்க யாரு அழுதா?” என்றேன். வைத்துவிட்டேன். அதுதான் கடைசி.

பதினைந்து நாள் கழித்துப் பை வந்தது. ஓடிவிட்டான் என்றார்கள். எனக்கு ஆச்சரியமே இல்லை, சொன்னபடி செய்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். போலீசில் எழுதிக் கொடுக்கலாம் என்றார் சண்முகம். ஓடினவரைத் தேடி வேறு அவமானப்பட வேண்டுமா என்று நான்தான் தடுத்தேன். மாமா வடக்கே போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று துண்டை எடுத்துத் தோளில் போட்டார். அவரையும் உட்கார வைத்தேன். அந்த போன் சமாசாரம் இன்றுவரை யாருக்கும் தெரியாது.

அந்த வண்டியில் சமையலுக்குப் போன ராசு, திருச்செங்கோட்டில்தான் டிபன் கடை வைத்திருக்கிறார். முக்கால் மணி நேரப் பஸ். ஒரு தடவைகூடப் போய்க் கேட்டதில்லை. எவளோடு போனார் என்று பெயர் சொல்லிவிடுவாரோ என்ற பயம்.

ஜூலை 12, சனி

பட்டியல் போடும் பழக்கத்தில் அவருக்கும் ஒரு வரி எழுதிப் பார்த்தேன். குமரேசன். 38. உயரம் – தெரியவில்லை, கதவு நிலையில் இடிக்கும், குனிந்துதான் வருவார். கண் – பழுப்பா கறுப்பா? பதினைந்து வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறேன், சொல்லத் தெரியவில்லை. மதுவுடையது பழுப்பு. தொழில், ரிக் டிரில்லர். ஊர், மல்லசமுத்திரம். குறிப்பு –

கையை எடுத்துவிட்டேன். நாளை திருச்செங்கோடு.

ஜூலை 13, ஞாயிறு

மாமாவிடம் பட்டுச் சேலை பார்க்கப் போகிறேன் என்று பொய். பத்து மணி பஸ்.

ராசு பரோட்டா மாவு பிசைந்துகொண்டிருந்தார். பார்த்தவுடன் அடையாளம் தெரிந்துவிட்டது. “வாங்கக்கா, உக்காருங்க, டீ போடட்டுங்களா?” பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கை கழுவி வந்தார். நேராகவே கேட்டேன்.

“அவரு ஓடித்தான் போனாருங்களா?”

மேசையைத் துடைத்தார். துடைத்த இடத்தையே துடைத்தார். அவர் சொன்னது, மறப்பதற்கு முன்:

“இல்லீங்கக்கா. அண்ணனுக்குப் பேதிங்க. மூணு நாளா. எந்திரிக்கவே முடியல. அடுத்து போர் போடற பாயிண்ட்டு எரநூறு கிலோமீட்டருக்கு அந்தப்பக்கம், அன்னிக்கே போயாகோணும்னு மேனேஜரு நிக்கறாரு. ரோட்டு மேல ஒரு மருந்துக் கடைங்க, அதுக்கு முன்னால பெஞ்சுல உக்கார வெச்சோம். தண்ணி பாட்டிலு குடுத்தோம். ஆட்டோ புடிச்சு ஆஸ்பத்திரிக்குப் போயிருங்கண்ணா, நாலு நாள்ல வந்தர்றோம்னோம். தலைய ஆட்டுச்சுங்க.”

“எனக்கு ஏன் போன் பண்ணல?”

“பண்ணச் சொன்னேனுங்கக்கா. அவ இன்னும் கோவமா இருப்பா, ரெண்டு நாள் போகட்டும்டான்னுச்சு.”

இந்த இடத்தில் டீ வந்தது. குடித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

“திரும்பிப் போனீங்களா?”

“போனோம். நாலாம் நாளு இல்லீங்க, ஆறாம் நாளு. பெஞ்சு காலி. மருந்துக் கடைக்காரரு கையக் கைய ஆட்டி என்னமோ சொன்னாரு. நாலு பேரு தூக்கிட்டுப் போன மாதிரி காமிச்சாரு.”

“உசுரோடவா?”

“எனக்கு அப்ப இந்தி தெரியாதுங்கக்கா.” ராசு அழுதார். நாற்பது வயது ஆள், கடைக்கு வந்தவர்கள் பார்க்கப் பார்க்க. “மேனேஜரு வண்டிய எடுங்கன்னுட்டாரு. ஊர்ல ஓடிட்டான்னே சொல்லுங்க, இல்லீன்னா எல்லாரும் உள்ள போகோணும்னாரு. நீங்க வந்து கேப்பீங்க, கேட்டா சொல்லீரோணும்னு ரெண்டு வருசம் காத்துட்டிருந்தேன். நீங்க வரவே இல்லீங்க.”

நான் போகவே இல்லை.

ஜூலை 14, திங்கள்

வேலைக்குப் போனேன். வீட்டில் இருந்து என்ன செய்ய.

அடுத்த கம்பெனி. 5. 5. 1. 3. 5. இதுவரை எத்தனை 5 அடித்திருப்பேன், அது ஒரு விஷயமாகவே பட்டதில்லை. சாவும் இல்லை, ஓட்டமும் இல்லை, கை தானாக அடித்துவிட்டுப் போகும். இன்று ஒவ்வொன்றையும் படித்தேன். படகுத்துறையில் நோயோடு விடப்பட்டார், மேற்கொண்டு தகவல் இல்லை. சாலையோரத்து வீட்டில் விடப்பட்டார், மேற்கொண்டு தகவல் இல்லை. தகவல் இல்லாதது படைக்கு. அந்த மனிதருக்கு அன்றைக்குச் சாயங்காலம் ஆகியிருக்கும், தாகம் எடுத்திருக்கும். வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் தலையைத் தூக்கிப் பார்த்திருப்பார்.

ஒன்பது பக்கம்தான் ஆயிற்று. ஷமீமா வந்து நின்றாள். எல்லாவற்றையும் சொன்னேன், போன் சண்டை உட்பட. அவள் யோசிக்காதீங்கக்கா என்று சொல்லவில்லை. நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டு மீதிப் பக்கங்களை அவளே அடித்துக் கொடுத்தாள்.

சனிக்கிழமை அவர் வரியில் விட்ட இடத்தில் 5 எழுதினேன்.

ஜூலை 15, செவ்வாய்

நாளைதான் கடைசி நாள். சண்முகம் போன்: “பேரு எடுத்தாச்சுங்க அண்ணி, பிரஸ்ஸுக்குக் குடுத்தர்ட்டுங்களா?” பொறுங்கள் என்றேன்.

மாமா வாசலில் கட்டிலில் இருந்தார். பக்கத்தில் தரையில் உட்கார்ந்து சொன்னேன். முடித்த பிறகு,

“அப்ப அவன் ஓடலியா சாமி?”

“இல்லீங்க மாமா.”

“என்ன சீக்குன்ன?”

“பேதிங்க.”

“அரிசிக் கஞ்சில உப்பப் போட்டுக் குடுத்திருந்தா நின்னுருக்குமே” என்றார். அதையே இரண்டு மூன்று தடவை சொன்னார், எனக்குச் சொல்லிக் கொடுப்பது போல. பிறகு “குமரேசா” என்றார். பதினோரு வருஷத்துக்குப் பிறகு. தோட்டத்தில் இருப்பவரைக் கூப்பிடும் சத்தத்தில். உள்ளே இருந்த மது பயந்து ஓடி வந்தாள்.

அன்றைக்கு உங்களைப் போக விட்டிருந்தால் என்று ஆரம்பித்தேன். மாமா என் தலையில் கை வைத்தார். திட்டியிருந்தால் தேவலை.

மதுவிடம் நானே சொன்னேன். அப்பா உன்னை விட்டுவிட்டு ஓடவில்லை என்றேன். எத்தனை வருஷம் அவளிடம் ஓடிப்போனார் என்று சொல்லி வளர்த்திருக்கிறேன்.

ஜூலை 16, புதன்

லீவு. பத்து நிமிஷம் தூறல், மண் நனையவில்லை.

காலையில் பிரஸ்காரர் போன். பெயரைச் சேர்க்கச் சொன்னேன். “பேருக்கு முன்னால என்னங்கக்கா போடட்டும்?”

திரு என்றால் அவர் எங்கோ சௌக்கியமாக இருக்கிறார் என்று அர்த்தம். அந்த நம்பிக்கையில்தான் இத்தனை வருஷம் கோபமாக இருந்தேன், கோபத்தில்தான் எழுந்து நடமாடினேன். தெய்வத்திரு என்றால் நானே அந்தப் பெஞ்சிலிருந்து தூக்கிக் கொடுப்பது மாதிரி. போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன். மாமா வாங்கினார்.

“தெய்வத்திருன்னு போடுங்க சாமி. தெய்வத்திரு குமரேசன். நான் அவனோட அப்பன் பேசறேன்.”

போனை என்னிடம் கொடுத்துவிட்டு, “கல்யாணத்தன்னிக்கு நீ புள்ளகூட மேடைல நில்லு அம்மிணி. எவனாச்சும் எதாச்சும் சொன்னா எங்கிட்ட வரச் சொல்லு” என்றார். சண்முகம் மோகனூருக்குப் போயிருக்கிறார், சொல்லிவிட்டு வர. அவர்கள் என்ன சொல்வார்களோ.

சாயங்காலம் பூக்காரம்மா. வாரம் மூன்று நாள் வாசலில் நின்று கூப்பிடுவார், நானும் ஒரு நாள் விடாமல் வாங்கித் தலையில் வைத்திருக்கிறேன். ஓடிப்போனவர் பெண்டாட்டி என்று எவரும் இளக்காரமாகப் பார்க்கக் கூடாது, அந்த வீம்புக்கு. இன்று வேண்டாம் என்றேன்.

“ஏனுங்க, ஊருக்குப் போறீங்களா?”

“இல்லீங்க. எங்க ஊட்டுக்காரரு தவறிட்டாருங்க.”

கூடையைக் கீழே இறக்கி வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். “அடக் கடவுளே. என்னைக்குங்க சாமி?”

சொல்ல வாய் திறந்தேன். பெஞ்சில் உட்கார வைத்த நாளா, அதற்கு மறுநாளா, ஆறாம் நாளுக்கு முந்தின நாளா. திதி கொடுக்கக்கூட நாள் தெரியாது எனக்கு.